ஏஞ்சலின் கடையிலிருந்து போன காதல் கடிதம்

மவுசைக் கவிழ்த்துப் பிடித்து, அடிமூடியைத் திருகிக் கழற்றி, உள்ளே இருக்கும் ரப்பர் உருண்டையை உள்ளங்கையில் தட்டிக்கொள்கிறாள் ஏஞ்சலின். உருண்டையை முந்தானையில் துடைக்கிறாள். ஊக்கு முனையால் உள்ளே சுரண்டுகிறாள். கறுப்பாக, நூல் நூலாக அழுக்கு வருகிறது.

"பாருங்க சிஸ்டரம்மா! ஊர்ல உள்ள அம்புட்டுப் பேரு கை அழுக்கும் இதுலதேன் கெடக்கு."

என் மூக்குக்கு நேரே நீட்டுகிறாள். நான் ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இதைவிட மோசமானதை எல்லாம் கழுவியிருக்கிறேன். அதைச் சொன்னால் அவள் உற்சாகம் குறைந்துவிடும் என்பதால் "அடேயப்பா" என்று மட்டும் சொல்கிறேன்.

திண்டுக்கல் பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில், ஒரு தையல் கடைக்கும் நாட்டு மருந்துக் கடைக்கும் நடுவில் இருக்கிறது அவளுடைய பிரவுசிங் சென்டர். வயது நாற்பதைத் தொடுகிறது. ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டால், "காலையில கடைய யாரு தொறப்பா?" என்பாள். உட்கார்ந்து பேச அவளுக்கு வராது. ஒரு வாக்கியம் முடிவதற்குள் இரண்டு தரம் எழுந்துவிடுவாள்.

கம்ப்யூட்டருக்கு வரும் தொல்லை என்றால் மற்றவர்களுக்குப் பயம், அவளுக்குத் திருவிழா. லண்டனில் கோடிக்கணக்கில் பரிசு விழுந்திருப்பதாக மெயில் வந்தால், கடையில் இருப்பவர்களை எல்லாம் கூப்பிட்டு உரக்க வாசிப்பாள். "சீட்டே வாங்காதவனுக்குப் பரிசாம்! எவன் பாட்டன் சொத்து?" அப்படி ஒரு மெயிலை நம்பி, பாஸ்புக்கோடு வந்து நின்றார் ஒச்சப்பன் என்ற வெங்காய வியாபாரி. "பாஸ்புக்க மடியில வைங்கய்யா. இவன்கிட்ட நம்பரக் குடுத்தா, கட்டியிருக்கிற வேட்டியையும் உருவிருவான்" என்று அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினாள்.

போன மாதம் இன்டர்நெட்டைத் திறந்தாலே ஏதோ சூதாட்டப் பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. மாற்றினாலும் மறுபடி அதுவே வந்தது. "என் வீட்டு வாசல்ல கோலம் போட நீ யாருடி?" என்று திரையோடு சண்டை பிடித்தாள். அதை வேரோடு பிடுங்கும்வரை பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறந்துவிடக் காசு கேட்கும் வைரஸ்கூடக் கிளம்பியிருக்கிறதாம். பத்திரிகையில் படித்துவிட்டு ஓடி வந்து சொன்னாள். "வரட்டுமே! எல்லாத்தையும் சிடியில எடுத்து வச்சிருக்கேன். எதப் பூட்டுவான்?"

இந்தத் தெம்பு அடிபட்டு வந்தது. இரண்டாயிரமாவது ஆண்டு மே மாதத்தில் வாங்கிய அடி.

அப்போது கடையில் ஒரே கம்ப்யூட்டர். கணவனோ மகனோ வளைகுடாவில் இருக்கும் வீடுகளில் யாருக்கும் மெயில் முகவரி கிடையாது; எல்லாருக்கும் ஏஞ்சலின் கடை முகவரிதான். பெண்கள் எதிரே உட்கார்ந்து சொல்வார்கள். அவள் அந்தத் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்புவாள். பதில் வந்தால் அச்செடுத்து மடித்து வைப்பாள். ஆடு குட்டி போட்டது, மாமாவுக்குச் சர்க்கரை கூடிவிட்டது, மோட்டார் ரிப்பேர். கடிதங்கள் இவ்வளவுதான். கணவனிடம் ஆசையைச் சொல்ல எந்தப் பெண்ணும் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.

ஒருநாள் காலையில் 'ஐ லவ் யூ' என்ற தலைப்போடு ஒரு மெயில் வந்தது. கூடவே திறந்து பார்க்க ஒரு கோப்பு. "தொறக்காம இருக்க முடியுமா சொல்லுங்க?" என்று இன்றைக்கும் கேட்கிறாள். திறந்தாள். அது அவளுடைய முகவரிப் பட்டியலில் இருந்த எல்லாருக்கும் தன்னைத்தானே அனுப்பிக்கொண்டது. சேமித்து வைத்திருந்த கல்யாணப் படங்கள், குழந்தைப் படங்கள் எல்லாம் நாசம். நான் போனபோது தலையில் கைவைத்து நின்றாள். "நோய் கண்ட பிள்ளையை முதலில் தனியாகப் போடு, மருந்தை அப்புறம் தேடலாம்" என்றேன். டெலிபோன் வயரைப் பிடுங்கினாள். அதற்குள் கடிதம் கடல் தாண்டிவிட்டது.

மறுநாள் சாணார்பட்டியிலிருந்து சிவனம்மாள் வந்து இறங்கினாள்.

"எம் மருமகன் துபாய்ல இருந்து போன் போட்டுச் சிரிக்கிறான். எம் மவ அப்புடியெல்லாம் சொல்றவளா? வெக்கங்கெட்டத நீ எதுக்கு அடிச்சு அனுப்புன?"

"நான் அனுப்பலத்தா. வைரஸ் அனுப்பிருச்சு."

"அவ எந்தூருக்காரி? கூப்புடு அவள!"

ஏஞ்சலினுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அந்தச் சிரிப்பு மத்தியானம்வரைதான். தாடிக்கொம்பிலிருந்து தமிழ்மதி வந்தாள். அவள் கணவன் பிரபு குவைத்தில் ஒரு கம்பெனியில் டிரைவர். மாமியாரோடு ஒத்துவராமல் அவள் தாய்வீட்டுக்குப் போனதில் சண்டை. பொங்கலுக்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு வரி இல்லை.

"அக்கா, பக்கத்து வீட்டுப் போனுக்குக் கூப்புட்டாருக்கா. நீ லவ் யூன்னு எழுதியிருக்கன்னு ஆபீஸ் கிளார்க் சொன்னாருன்னு அழுகுறாரு. நாளைக்கு மேனேஜர் வாரதுக்குள்ள அந்தக் கம்ப்யூட்டர்ல தொறந்து முழுசாப் படிக்கப்போறாராம். நான் ஒண்ணும் எழுதச் சொல்லலையே. நீங்களா எழுதுனீங்க?"

ஏஞ்சலின் நடந்ததைச் சொன்னாள். பிரபு அதைத் திறந்தால் கம்பெனிக் கம்ப்யூட்டர் கெட்டுப்போகும். அவன் வேலையும் போகலாம். திறக்காதே என்று எழுதினால், அந்த 'லவ் யூ'வை மனைவி எழுதவில்லை என்று தெரிந்துவிடும். அவன் தங்குமிடத்தில் போனும் இல்லை.

"பழிய எம்மேல போட்டு எழுதிரட்டுமா தமிழு?"

தமிழ்மதி எழுந்தாள். யோசித்துச் சொல்கிறேன் என்று பஸ் ஏறிப் போய்விட்டாள்.

சாயங்காலம் மதுரையிலிருந்து மெக்கானிக் வந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றிக் கொடுத்தார். ஏஞ்சலின் உடனே உட்கார்ந்து, நோட்டில் குறித்து வைத்திருந்த முகவரிகளைப் பார்த்து, கடிதம் போன எல்லாருக்கும் எச்சரிக்கை அனுப்பினாள். பிரபுவுக்கு மட்டும் அனுப்பவில்லை.

"வேலை போனால் காதலை வைத்து என்ன செய்வாள்? அனுப்பு" என்றேன்.

"அவ சொல்லாம அவ புருசனுக்கு நான் எப்புடி எழுதுறது? நமக்கு விடிஞ்ச பிறகுதேன் அங்க விடியும். காலையில வருவா சிஸ்டரம்மா."

மறுநாள் காலை நான் போனபோது கடை வாசலில் கூட்டம். என்ன ஆயிற்று என்று கேட்க வந்தவர்கள். முதல் பஸ்ஸில் வந்திறங்கிய தமிழ்மதி நேரே உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எழுதுங்கக்கா. கூட வந்திருக்கிறதத் தொறக்காதீங்க, அது கம்ப்யூட்டரக் கெடுத்துரும். கடையில தப்பு நடந்து தானாப் போயிருச்சு."

ஏஞ்சலின் தட்டினாள். தமிழ்மதி சேலை நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"ஆனா மேல தலைப்புல போட்டிருந்துச்சுல்ல... அது நெசந்தேன்னு எழுதுங்க."

ஏஞ்சலினின் விரல்கள் பறந்தன. "எழுதிட்டேன்! அம்புட்டுத்தேனா?"

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்ற தமிழ்மதி, வாசலில் நின்றவர்களைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

ஏஞ்சலின் துள்ளி எழுந்தாள். "எல்லாரும் செத்த நேரம் தெருவுல நில்லுங்க. போங்க, போங்க!"

நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

"சிஸ்டரம்மா, நீங்களுந்தேன்" என்று என் பையை எடுத்து என் கையில் கொடுத்து வெளியே விட்டு, ஷட்டரைப் பாதிக்கு இழுத்து இறக்கினாள்.