எட்டு ரப்பர் பேண்டும் ஒரு வலை நூலும்

பக்கத்து வீட்டுக்காரர் மோட்டார் பைக்கை உதைத்தால்கூட இந்த வாரம் நான் சட்டென்று தலையைக் குனிந்துகொள்கிறேன். காரணம் — என் மகனின் விமானம்.

பதறாதீர்கள். ஆள் ஏறுகிற விமானம் இல்லை. நாலடி நீளம், பஞ்சு போல லேசான பால்சா கட்டை, மூக்கில் ஒரு குட்டி இன்ஜின். கீழே நின்று ரேடியோ பெட்டியின் குச்சியைத் தள்ளினால் மேலே அது திரும்பும். பெட்டி, கப்பலில் வேலை பார்க்கும் என் தம்பி கொண்டுவந்தது. விமானம், கும்மிடிப்பூண்டியில் ஃபிட்டராக இருக்கும் என் மகன் குமரேசன் ஷிப்ட் முடிந்து வந்து ஏழு மாதம் உட்கார்ந்து செய்தது. செம்பழுப்புப் பெயின்ட். பெயர் செவலை. எங்களைவிட அதனிடம்தான் அதிகம் பேசுவான்.

ஒழுங்காகப் பறந்துகொண்டிருந்ததை விட்டானா? இறக்கை குட்டையானால் சுலபமாகக் கரணம் போடுமாம். இரண்டு பக்கமும் நாலு விரற்கடை வெட்டிவிட்டான்!

போன ஞாயிறு வெள்ளோட்டம். புதுவாயலைத் தாண்டி, ஃபேக்டரிக்காகச் சமன்செய்து எல்லைக்கல் நட்ட பொட்டல். நானும் போனேன். வீட்டில் இருந்தால் பயம் இன்னும் அதிகம்.

அங்கேதான் பார்த்தேன். இறக்கையை உடம்போடு பிடித்திருந்தது... எட்டே எட்டு ரப்பர் பேண்ட்.

"டேய், ஊறுகா ஜாடி வாயில போடற ரப்பர் பேண்டுலயா ரெக்கைய மாட்டுவ?"

"அதாம்மா கரெக்டு. பேஜாரு பண்ணாத, அப்பால சொல்றேன்."

அவனோடு வேலை பார்க்கும் அந்தோணி சிரித்தான். "அம்மா, உங்கள வுட்டா ப்ளேனுக்கு ஸ்வெட்டர் போட்டு அனுப்புவீங்க!"

இருவரும் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளை விரட்டப் போனார்கள். என் பையில் துணிக்கொடி கட்ட வாங்கிய நைலான் வலை நூல் இருந்தது. பழவேற்காட்டில் இதில்தான் வலை பின்னுகிறார்கள். எந்த மீனாலும் அறுக்க முடியாது. ரப்பர் பேண்டுக்கு அடியில், இறக்கையையும் உடம்பையும் சேர்த்து நாலு சுற்று, மூன்று முடிச்சு. பழுப்பு நூல் செவலையின் நிறத்தோடு ஒட்டிப்போனது. அப்பாடா!

செவலை இரண்டு கரணம் போட்டது. அந்தோணி விசிலடித்தான். நான்கூடக் கை தட்டினேன். இறங்கும்போதுதான்... குட்டை இறக்கைக்கு வேகம் குறையவில்லை. இறக்கை நுனி எல்லைக்கல்லில் மோதியது. மடார்! உடம்பு இரண்டாக முறிந்து, மூக்குப் பாதி இன்ஜினோடு எகிறி வந்து என் செருப்புக்கு இரண்டடி தள்ளி விழுந்தது.

குமரேசன் ஓடிவந்தான். "யம்மா, அடி கிடி பட்டுச்சா?"

இல்லை என்று தலையாட்டினேன். பிறகுதான் விமானத்தைப் புரட்டினான். நூலைப் பார்த்தான்.

"இன்னாம்மா இது?"

"பத்திரமா இருக்கட்டும்னு..."

"இடிச்சா ரெக்கை தனியா கயண்டுக்கணும்மா. அதுக்குத்தான் ரப்பர் பேண்டு. ரெக்கை போனாலும் உடம்பு தப்பிக்கும். நீ இப்டி இறுக்கிக் கட்டிக்கினு..."

முடிச்சு அவிழவில்லை. பிளேடால் அறுத்தான். மணவாள நகரில் எங்கள் வீடு வரை பஸ்ஸில் பேச்சே இல்லை. அவன் மடியில் இரண்டு துண்டாகச் செவலை.

கெட்டியாகப் பிடித்தால் பத்திரம் என்று யார் சொன்னது? யாராவது அம்மாவாகத்தான் இருக்கும்.

நாலு நாளாகச் சாயங்காலம் நான் பசை தடவ, அவன் ஒட்டுகிறான். பேச்சும் வந்துவிட்டது. இந்த ஞாயிறு செவலை மறுபடி பறக்கப்போகிறது. ரப்பர் பேண்ட் நானே வாங்கி வைத்துவிட்டேன்.

மிச்ச வலை நூலில் கொடி கட்டி, ஆறு ஈரப் புடவை போட்டேன். பாவி நூல்... இன்னும் பிடியை விடவில்லை!