பெரிய கைகள் வைத்திருந்த பங்கு

என் அக்காவின் கணவர், நான் மச்சான் என்று கூப்பிடுகிறவர், போடியில் ஏலக்காய் வியாபாரி. நாங்கள் ஏலக்காயை வெறும் காய் என்றுதான் சொல்வோம். காயைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரியும். அதனால் உலகத்தைப் பற்றியும் எல்லாம் தெரியும் என்று முடிவு கட்டிக்கொண்டவர். அப்படிப்பட்டவர்கள் எங்கள் கடைத்தெருவில் கடைக்கு ஒருவர் உண்டு. ஆனால் அவர்களில் என் அக்காவைக் கட்டியவர் இவர் ஒருவர்தான்.

ஏல மையத்தில் யார் என்ன பேசினாலும் இந்த ஊர் வியாபாரி நம்புவது இரண்டை மட்டுமே. பெரிய வியாபாரி எதை அள்ளுகிறான் என்பது ஒன்று. தோட்டக்காரன் காய வைத்த காயை விற்கிறானா, ஸ்டோரிலேயே பூட்டி வைக்கிறானா என்பது இன்னொன்று. தோட்டத்து முதலாளியே விற்காமல் வைத்தால் அவனுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, விலை ஏறும். இதை அறிவதற்காகவே போடிமெட்டிலிருந்து இறங்கும் ஜீப்புக்காரர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து, எந்தத் தோட்டத்து லோடு வரவில்லை என்று விசாரிப்பார்கள். காய்க்கு இது நல்ல கணக்குத்தான். அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

ஒரு நாள் மச்சான் தன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். ஆஸ்பத்திரிகளுக்கு ஸ்கேன் மெஷின் செய்யும் ஒரு கம்பெனி. அதன் பங்குகள் யார் யாரிடம் இருக்கின்றன என்று வட்டமாகப் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். பாதிக்கு மேல் மியூச்சுவல் ஃபண்டுகளிடமும் இன்சூரன்ஸ் கம்பெனிகளிடமும் இருந்தது. மீதியில் பெரும்பங்கு கம்பெனியை நடத்தும் முதலாளி குடும்பத்திடம். மச்சானைப் போன்ற சில்லறை ஆட்களுக்கு ஓரத்தில் ஒரு கீற்று.

“பெரிய கையெல்லாம் உள்ள இருக்கான் மாப்ளே. தோட்டக்காரனும் சரக்க விக்கல. இதுக்கு மேல என்ன வேணும்?”

கடையில் புரள வேண்டிய பணம் முழுவதையும் அதில் கொட்டிவிட்டுத்தான் இதைக் கேட்டார்.

நான் பள்ளிக்கூடத்தில் வணிகவியல் நடத்துகிறவன். அவர் மொழியிலேயே சொல்லிப் பார்த்தேன். வடநாட்டுப் பார்ட்டிக்காகக் கமிஷனுக்கு ஏலம் கேட்பவன் கையை வைத்து யாராவது விலையைக் கணிப்பார்களா? ஃபண்டு நடத்துகிறவனும் அந்த ஜாதிதான். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று வாங்குகிறவன். விலை சரிந்தால் அவன் வீட்டு அடுப்பு அணையாது. முதலாளி குடும்பத்தின் பங்குகளோ பெரும்பாலும் அடகில் இருந்தன. படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தது. பேங்கில் கடன் வாங்கிய தோட்டக்காரனின் மூட்டை குடோனில் இருக்கும், சாவி பேங்கிடம் இருக்கும். அவன் விற்காமல் இருப்பது விலை ஏறும் என்ற நம்பிக்கையாலா?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொல்லிச் சிரித்தார். பக்கத்துக் கடைக்காரர்களும் கூடச் சிரித்தார்கள். அவர்களில் சிலர் அவரைப் பார்த்து அதே பங்கை வாங்கியிருந்தார்கள் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்குப் பார்வை ஓரங்களில் மங்க ஆரம்பித்தது. கடையின் பின்கட்டில் காயைத் தரம் பிரிக்கும் பெண்களை மேய்ப்பது அவள் சோலி. நேராக இருப்பது தெரியும், பக்கத்தில் நிற்பவர் தெரியாது. வாசல் நிலையில் தோளை இடித்துக்கொள்வாள், முறத்தைத் தட்டிவிடுவாள். தேனியில் கண் டாக்டர் பார்த்துவிட்டு, இது கண்ணின் கோளாறு இல்லை, தலைக்குள் கட்டி இருந்து நரம்பை அழுத்தலாம், உடனே ஸ்கேன் எடுங்கள் என்றார். நாள் கடத்தினால் பார்வை திரும்பாது என்பதையும் மச்சானிடமே சொன்னார்.

மச்சான் நாள் கடத்தினார். ஸ்கேனுக்குக் காசில்லாமல் இல்லை. பங்கு அதற்குள் இறங்கியிருந்தது.

“ஸ்கேன் எடுத்தா ஆபரேஷன்னு சொல்லுவாய்ங்க. அதுக்குப் பங்க விக்கணும். இப்ப விக்கிறது முட்டாப்பய சோலி. பெரிய கை ஒருத்தனும் விக்கல, கொஞ்சம் பொறு மாப்ளே.”

அதைக் கேட்டபோது அவர் கன்னத்தில் அறைய வேண்டும் போலிருந்தது. நானே கூட்டிப் போகிறேன் என்றால் அக்கா வரவில்லை. அவருக்குத் தெரியாததா தம்பி என்றாள். காய் விலையில் அவர் தோற்று அவள் பார்த்ததில்லை.

பிறகு ஒரு காலை கடைக்கு எதிரே ரோட்டைக் கடக்கும்போது, பக்கவாட்டில் வந்த பைக் அவளுக்குத் தெரியவே இல்லை. இடித்துத் தள்ளிவிட்டது. முழங்கையில் சிராய்ப்போடு தப்பினாள். அன்றே கார் பிடித்து அவளைத் தேனிக்குக் கூட்டிப்போனேன். ஊர் பேசுமே என்று மச்சானும் ஏறிக்கொண்டார்.

ஸ்கேன் அறைக்குள் உலோகம் ஆகாது என்பதால் அக்கா தாலிச் சங்கிலியைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, கழுத்தில் மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு உள்ளே போனாள். மெஷின் டமடமவென்று இடிப்பது வெளியே கேட்டது. மச்சான் சங்கிலியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அங்கே வேலை பார்த்த பையனிடம் மெஷின் எந்தக் கம்பெனி என்று விசாரித்தார். அவர் பங்கு வாங்கிய கம்பெனிதான். மனிதரின் முகம் மலர்ந்ததே, அதை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். அக்கா தடுமாறி வெளியே வந்ததும் முதல் வேலையாக அவளிடம் சொன்னார்.

“நம்ம கம்பெனி மெஷின்தான்.”

அக்கா குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

“நம்மளதுன்னா வெரசா வந்திருக்கலாம்ல?”

மதுரையில் கட்டியை எடுத்தார்கள். செலவுக்கு அக்காவின் நகைகள் போயின, பங்குகள் போகவில்லை. வலது கண் தேறியது. இடது கண் போய்விட்டது. முன்பே வந்திருந்தால் அதுவும் பிழைத்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். மச்சான் அதைக் கேட்டுத் தலையாட்டினார். பங்கு இன்னும் கிடக்கிறது. ஃபண்டுக்காரர்கள் புதிதாக வாங்கியிருக்கிறார்களாம். போன வாரம் அதைச் சொல்லிக்கொண்டே சாப்பிட உட்காரப் போனார்.

அக்கா சோற்றை வைத்துவிட்டு, தன் இடது பக்கத்துத் தரையைக் கையால் தட்டிக் காட்டினாள்.

“இங்கிட்டு உக்காருங்க. இங்கிட்டுன்னா நீங்க எனக்குத் தெரிய மாட்டீங்க.”

மச்சான் கையில் போனோடு அவள் காட்டிய இடத்தில் போய் உட்கார்ந்தார்.