சுரைக்காய் ஏற்றாத லோரி

சாக்கு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு லயத்தை விட்டு இறங்கிப் போய்க்கொண்டிருந்தேன். அடி வைக்கும்போதெல்லாம் மூட்டைக்குள் இரும்போடு இரும்பு உரசியது. சனிக்கிழமை அரைநாள் வேலை. பெரியவர்கள் எல்லாரும் கொழுந்து பறிக்க மலைமேல் போயிருந்தார்கள். ஒரே கூரையின் கீழ் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் கதவைப் பூட்டும் வழக்கம் கிடையாது. அதனால் வீடு வீடாக நுழைந்து, புல் வெட்டும் பாராங், கோழி வெட்டும் கத்தி, வெங்காயம் நறுக்கும் சின்னக் கத்தி என்று கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளியிருந்தேன். அரிவாள்மனைகளை மட்டும் விட்டுவிட்டேன். பாரம் அதிகம். தவிர, அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டு யாரும் சண்டைக்கு ஓடியதாக எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை.

அப்போது எனக்குப் பதினொரு வயது. அன்று மத்தியானம் அக்காவைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. மாப்பிள்ளை திரிங்காப்பில் காய்கறி லோரி ஓட்டுகிறவர். அக்கா அங்கே பூத்தோட்டத்தில் பூக்களைக் கட்டி அடுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். இருவருக்கும் பிடித்துப்போய் வீட்டில் சொன்னார்கள். அப்பா சில நாள் யாரோடும் பேசாமல் இருந்துவிட்டு, ‘வந்து பேசட்டும்’ என்றார். அதைக் கேட்டதிலிருந்து அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. துணி துவைக்கும்போதுகூடப் பாடினாள். மாப்பிள்ளை வீட்டார் கிறிஸ்துவர்கள். என் கவலை அதுதான்.

எங்கள் வீட்டில் சினிமா விஷயத்துக்கு மாமாதான் அதிகாரி. அம்மாவின் தம்பி. தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்து, பகலில் தூங்கவேண்டியவர் தூங்காமல் சிடி போட்டுப் படம் பார்ப்பார். பள்ளிக்கூடம் போகாத நாட்களில், அதாவது பாதி நாட்களில், நானும் கூட உட்கார்ந்திருப்பேன். அக்கா கல்யாணத்தைப் பற்றிக் கேட்டபோது அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இந்துப் பொண்ணு, கிறிஸ்துவப் பையன். எடுத்தவொடனே பாட்டு. நடுவுல பாதர். கடைசியில வெட்டுலா. எத்தன படம் பாத்திருக்கோம்.”

அவர் விளையாட்டுக்குச் சொன்னார். ஆனால் மதங்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் படங்களில் படித்ததுதான். கிறிஸ்துவர்கள் என்றால் வீட்டில் பியானோ இருக்கும். அம்மா கவுன் போட்டிருப்பார், அப்பா குடித்துவிட்டு எல்லாரையும் ‘மேன்’ என்று கூப்பிடுவார். பாதருக்கு வேறு வேலை கிடையாது. கதாநாயகி அழுதுகொண்டு ஓடிவரும் வரைக்கும் சர்ச் வாசலில் வெள்ளை அங்கியோடு நின்றுகொண்டிருப்பார். மெழுகுவத்தி அணைந்தால் யாரோ செத்துப்போனார்கள் என்று அர்த்தம். இந்துக்கள் என்றால் புயலில் கோயிலுக்குள் ஓடி, இருக்கிற மணியையெல்லாம் ஆட்டவேண்டும்; அப்போதுதான் அம்மன் கண் திறக்கும். எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் இருந்தது ஒரே மணி. அதன் நாக்கும் விழுந்துபோய், ஒரு ஸ்பேனரால் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

புத்தரைப் பற்றித்தான் எனக்குப் பெரிய சந்தேகம். கடத்தல்காரன் வீட்டு ஹாலில் எப்போதும் பெரிய புத்தர் சிலை இருக்கும். ஆகவே புத்தர் கடத்தல்காரர்களின் சாமி என்றே நினைத்திருந்தேன். டவுனில் மளிகைக்கடை வைத்திருந்த சீனக் கிழவர் கல்லாவுக்குப் பக்கத்தில் சின்ன புத்தரை வைத்திருந்தார். கோதுமை மாவு வாங்கப் போனால் மாவு மூட்டைகளுக்குப் பின்னால் தங்கக்கட்டி தெரிகிறதா என்று எட்டி எட்டிப் பார்ப்பேன். எனக்குக் கழிப்பறை அவசரம் என்று நினைத்து, அவர் ஒவ்வொரு முறையும் கடையின் பின்பக்கத்துக்கு வழி காட்டுவார்.

முஸ்லிம் நண்பர் நிலைமைதான் பரிதாபம். குல்லா போட்டு, பாதித் தமிழ் பேசி, கதாநாயகனுக்கு விழவேண்டிய குண்டையோ வெட்டையோ குறுக்கே பாய்ந்து தான் வாங்கிக்கொண்டு, அவன் மடியிலேயே செத்துப்போவார். ஒரு படத்தில்கூட அவர் தப்பித்ததில்லை.

நான் மூட்டையோடு போய்க்கொண்டிருந்தது அதற்காகத்தான். அப்பாவின் நெருங்கிய கூட்டாளி, தோட்டத்தில் டிராக்டர் ஓட்டும் மலாய்க்காரர். நாங்கள் பாக் சிக் என்று கூப்பிடுவோம். மலாயில் மாமா, சித்தப்பா மாதிரி. அவரையும் அன்றைக்கு வரச்சொல்லியிருந்தார்கள். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் எங்களைவிட நன்றாகப் பேசுவார்.

அவர் வீட்டு வாசலில் டிராக்டருக்கு அடியில் படுத்திருந்தார். மூட்டையை இறக்கி வைத்தேன்.

“பாக் சிக், இன்னிக்கு எங்க வீட்டுக்கு வராதீங்க.”

“ஏன்டா? ஒங்கப்பன் வரச்சொன்னானே.”

“வந்தா செத்துப்போயிருவீங்க.”

அவர் அடியிலிருந்து தலையை நீட்டினார். “எதுக்குச் சாவணும்?”

“அப்பாவுக்காக.”

அவர் சற்று யோசித்தார். “ஒங்கப்பன் மொதல்ல என் ஸ்பேனரத் திருப்பித் தரட்டும். அப்புறம் அவனுக்காகச் சாவுறதப் பத்திப் பாப்போம்.”

அந்த ஸ்பேனர்தான் கோயிலில் மணி அடித்துக்கொண்டிருந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. மூட்டையை மட்டும் எல்லாரும் போகும்வரை பத்திரமாக வைத்திருக்கும்படி சொன்னேன். என்ன ஏது என்று கேட்கிறவர் இல்லை அவர். தலையை ஆட்டிவிட்டுத் திரும்ப டிராக்டருக்கு அடியில் போனார்.

மத்தியானம் மாப்பிள்ளை வீட்டார் லோரியிலேயே வந்து இறங்கினார்கள். நான் ஓடிப்போய் லோரியின் பின்பக்கம் பார்த்தேன். முட்டைக்கோஸ் இலைகள் ஒட்டிய காலிக் கூடைகள்தான் இருந்தன.

“என்னா தம்பி தேடுற?” என்றார் மாப்பிள்ளையின் அம்மா. கவுன் போடவில்லை. சேலை, மேலே கம்பளிச் சட்டை, காலில் காலுறையோடு சிலிப்பர். எங்கள் அம்மாவின் உடையும் அதுதான்.

“பாதர் வரலையா?”

“அவரு எதுக்குப்பா? இன்னும் ஒன்னும் முடிவாவலியே. இன்னிக்கு அவருக்குப் பூப்பந்து மேட்ச் வேற.”

பாதர் பூப்பந்து ஆடுவது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பிற்காலத்தில் எங்கெங்கோ சுற்றினேன். மசூதி ஒன்றுக்குக் கூரை மாற்றினேன், சர்ச்சுக்குச் சாயம் அடித்தேன், சீனக் கோயில் சமையலறையில் பாத்திரம் கழுவினேன். எங்கேயும் படத்தில் வருகிற ஒரு ஆளைக்கூடப் பார்க்கவில்லை. மூன்று இடத்திலும் நான் கண்ட பெரிய சண்டை, காடியை எங்கே நிறுத்துவது என்பதுதான்.

மாப்பிள்ளை வீட்டார் கேக் கொண்டுவந்திருந்தார்கள். அதை வெட்டக் கத்தி தேடியபோது லயமே அல்லோலகல்லோலப்பட்டது. ஒரு வீட்டிலும் கத்தி இல்லை. “நேத்துத்தானே பாராங்க தீட்டி வச்சேன்” என்று பக்கத்து வீட்டில் ஒருவர் கத்தினார். கடைசியில் என் பள்ளிப் பையிலிருந்து அடிக்கோலை எடுத்துக் கழுவி, மாமா கேக்கை அறுத்தார். எல்லாத் துண்டும் ஒரே அளவில் வந்தது என்று மாப்பிள்ளையின் அப்பா பாராட்டினார்.

அக்கா டீ கொண்டுவந்து கொடுத்தாள். மாப்பிள்ளை கோப்பையை வாங்கும்போது தட்டில் கொஞ்சம் சிந்தினார். இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வேலை, வீடு, எந்த முறைப்படி கல்யாணம், எல்லாம் பேசியாயிற்று. காலையில் கோயில், சாயங்காலம் சர்ச் என்று மாப்பிள்ளையின் அம்மா சொன்னார். அப்பா சரி என்றார். நான் கதவோரம் தப்பித்து ஓட வாகாக நின்றுகொண்டிருந்தேன். பிறகு பேச்சு காய்கறிக்குப் போனது.

“ஈப்போலேருந்து மேல வரும்போது என்னா ஏத்துவீங்க?” என்று கேட்டார் அப்பா.

“எல்லாம் ஏத்துவோம். கத்திரி, வெண்டி, பாகல். சுரைக்கா மட்டும் ஏத்தமாட்டோம்” என்றார் மாப்பிள்ளையின் அப்பா. “எங்கப்பா சொல்லிட்டுப் போனது. நம்ம குடும்பத்துக்கு ஆவாது, தொடக்கூடாதுன்னு. ஏன்னு கேட்டா அடிப்பாரு.”

அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். “எங்க வீட்டுலயும் ஆவாது.”

“அப்டியா?”

“சாமிக்குப் பொங்கல் வச்சா உப்பு போடுவாங்களா?”

“நான் கல்யாணத்துக்காக சர்ச்சுக்குப் போனவன்லா. ஆனா எங்க தாத்தா வீட்டுல உப்பில்லாமத்தான் வைப்பாங்களாம்.”

“ஏரிக்கரைச் சாமி,” என்றார் அப்பா, மெதுவாக.

“பக்கத்துல ஒத்தப் பனமரம்.”

“சாமிக்குக் கூரை கெடையாது.”

“போட்டா எரிஞ்சிரும்.”

இரண்டு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். ஊர்ப் பெயர் இருவருக்குமே தெரியாது. தாத்தாக்கள் கப்பலேறியபோது அதை அங்கேயே விட்டுவிட்டு, சாமியின் அடையாளத்தை மட்டும் கொண்டுவந்திருந்தார்கள். அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தாத்தா தனி ஆளாக வந்தவர். இந்த நாட்டில் அப்பாவுக்கென்று ரத்த சொந்தம் ஒருவரும் கிடையாது. நல்லது கெட்டதில் ‘பங்காளி யாரு, முன்னால வாங்க’ என்று கூப்பிட்டால், யாரும் வராமல் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

அம்மாதான் முதலில் பலகாரத் தட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். மாப்பிள்ளையின் அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

“என்னா ஆச்சு?”

“ஒரே குலசாமின்னா பங்காளி,” என்றார் மாமா. முதல் முறையாக அவர் குரலில் விளையாட்டு இல்லை. “பொண்ணு மாப்ளைக்குத் தங்கச்சி மொற ஆவுது.”

“நாங்க கிறிஸ்துவங்க. எங்களுக்கு ஏது குலசாமி?”

அவர் கணவர் உட்கார்ந்தார். “சர்ச்சுக்குப் போனா ரத்தம் மாறிருமா? அந்தப் புள்ள எனக்கு மக.”

யாரும் பேசவில்லை. அந்த அமைதி எனக்கு நன்றாகத் தெரிந்த அமைதி. வெட்டு விழுவதற்கு முன்னால் படத்தில் சத்தமெல்லாம் நின்று, காற்று மட்டும் வீசும். அந்த நேரம் பார்த்து வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. தொழுகை முடித்து, குல்லாவோடு பாக் சிக் உள்ளே வந்து, தோளிலிருந்த சாக்கை நடுவீட்டில் இறக்கினார். வாய் அவிழ்ந்து, லயத்துப் பாராங் எல்லாம் தரையில் சரிந்தன.

“எல்லாரும் கத்தியத் தேடுறாங்கன்னு சொன்னாங்க. அதான்,” என்றார்.

நான் பாய்ந்து போய்க் கைகளை விரித்து அவருக்கு முன்னால் நின்றேன்.

“பாக் சிக்க வெட்டாதீங்க. அவரு ஸ்பேனரு கோயில்ல இருக்கு.”

பிறகு விஷயம் ஒவ்வொன்றாக என்னிடமிருந்து வந்தது. பாட்டு, பாதர், வெட்டு, எல்லாம். அம்மா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு மாமாவை ஒரு பார்வை பார்த்தாள். மாப்பிள்ளையின் அப்பாதான் முதலில் சிரித்தார். அடுத்து அப்பா. பிறகு வீடே சிரித்தது. மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதிகமாகச் சிரித்துவிட்டார் என்று நினைத்தேன். மாப்பிள்ளை சிரிக்காமல் சிந்திய டீயைத் தன் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா கோப்பைகளை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள்.

பெண் பார்க்க வந்தவர்கள் சொந்தக்காரர்களாக இருட்டும்வரை இருந்தார்கள். அப்பா மூச்சுக்கு மூச்சு ‘அண்ணே, அண்ணே’ என்றார். என்னைப் பெரியப்பா காலில் விழச் சொன்னார். எனக்கு உலகத்திலேயே பெரிய சந்தோஷம். சாமி வேறு வேறாக இருப்பதால் ரத்தம் ஓடும் என்று பயந்திருந்தேன். சாமி ஒன்றாகவே இருந்ததால் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. பாக் சிக்கும் உயிரோடு இருந்தார், இரண்டாவது துண்டு கேக்கும் கேட்டார். எந்தப் படத்திலும் இவ்வளவு நல்ல முடிவு கிடையாது.

புறப்படும்போது மாப்பிள்ளை வாயைத் திறந்தார். “தம்பிக்கு இப்ப லீவுதானே சித்தப்பா? எங்கூட லோரியில அனுப்புங்க. கிளிண்டான் ஆளு நின்னுட்டான்.” கிளிண்டான் என்றால் லோரியில் கூடவே போய் ஏற்றி இறக்கும் ஆள். அண்ணன் கேட்கிறான், இல்லை என்று எப்படிச் சொல்வது? அப்பா உடனே சரி என்றார். லீவு முடிந்தபிறகும் நான் இறங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் என் பெயரை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் விடிவதற்குள் லோரி வந்து ஆரன் அடித்தது. முன் இருக்கையில் ஏறிக்கொண்டேன். வளைவுகளில் பனி முகப்பு விளக்குக்கு முன்னால் சுவராக நின்றது. வெகுநேரம் கழித்து அவர் கேட்டார்.

“அக்கா ஏதும் சொன்னாளா?”

“ஒன்னும் சொல்லல அண்ணே. கோப்பையெல்லாம் கழுவிட்டு, மறுபடியும் மொதல்லேருந்து கழுவுனா.”

“மறுபடியுமா?”

“ஆமா. கறையே இல்ல, சும்மா கழுவுறா. அம்மா திட்டல.”

ஒரு லோரி ஓட்டுகிற ஆளுக்கு எங்கள் வீட்டுக் கோப்பையைப் பற்றி என்ன அக்கறை என்று எனக்கு விளங்கவில்லை. சிரிக்கவைக்கலாம் என்று, “இனிமே அவ ஒங்களுக்குத் தங்கச்சி” என்றேன். அவர் கியரை மாற்றினார்.

கோலா தெர்லாவில் லோரியை நிறுத்தி, முட்டைக்கோஸ் கூடைகளை ஏற்றினோம். மேலே தார்ப்பாயை விரித்து, கயிற்றின் ஒரு முனையை என் கையில் கொடுத்து, இழுத்துப் பிடி என்றார். இழுத்துப் பிடித்தேன்.