முழங்கையில் ஒரு கிள்ளு

என் அக்கா லாண்டரியில் இஸ்திரி போடுகிறவள். பாட ஆரம்பித்தால் ஊர் உலகம் தெரியாது, கண்ணை மூடிக்கொள்வாள். நாங்கள் சேர்ந்து பாடும் கச்சேரி மேடையில் மற்றவர்கள் வாசித்து முடித்த பிறகும் இவள் பாட்டுக்குப் பல்லவியைப் பாடிக்கொண்டிருப்பாள். பக்கத்தில் நின்று முழங்கையைக் கிள்ளி நிறுத்துவது என் வேலை. நானும் பாடகிதான், ஆமாம்! ஆனால் நான் பாடும்போது ஒரு கண் கூட்டத்தின் மேல், இன்னொரு கண் தபலாக்காரர் மேல்.

"உனக்கு மட்டும் எப்படிக்கா எல்லாம் மறந்து போகுது?"

"பாட்டு வருது, நான் வழி விடறேன். அவ்வளவுதான்."

"யார் என்ன நினைப்பாங்களோன்னு இருக்காதா?"

"நினைக்கட்டுமே, அது அவங்க பாடு."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வானொலியில் பாடகி வேலை ஒன்று காலியென்று இருவரும் தேர்வுக்குப் போனோம். மூன்று நிமிடம், சிவப்பு விளக்கு எரிந்தால் நிறுத்த வேண்டும். ஒவ்வொருவராகத்தான் உள்ளே விட்டார்கள். விளக்கு எரிகிறது, இவள் கண்ணை மூடிப் பாடுகிறாள், நான் வெளியே நின்று கண்ணாடியைத் தட்டுகிறேன். சத்தம் போனால்தானே! கடைசியில் தேர்வு நடத்தியவர்களில் ஒருவர் போய்த் தோளைத் தட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் வேலையை எனக்குத்தான் கொடுத்தார்கள்.

"உனக்குத்தான்டி கடிகாரம் பார்க்கத் தெரியும்" என்று அக்கா மனசாரச் சந்தோஷப்பட்டாள். குத்தலாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

முப்பத்தொரு வருடம் ஒரு நொடி கூடாமல் குறையாமல் வானொலியில் பாடினேன். நல்ல பெயர்தான். ஒரே ஒரு தடவை அவளைப் போல என்னை மறந்து பாடிவிட மாட்டேனா என்ற ஏக்கம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

ஓய்வு பெற்றபின் மத்தியானங்களில் லாண்டரிக்குப் போய் உட்கார்ந்துகொள்வேன். போன மாதம் அவளுக்குத் தோள்வலி என்று இஸ்திரிப் பெட்டியை நான் வாங்கிக்கொண்டேன். பழைய மேடைப் பாட்டு ஒன்றை அவள் முணுமுணுத்தாள், நானும் சேர்ந்துகொண்டேன். அப்புறம் என்ன நடந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. முழங்கையில் சுரீரென்று ஒரு கிள்ளு.

"நிறுத்துடி! வக்கீல் சட்டை போச்சு!"

சட்டையின் முதுகு கருகிப் புகைந்துகொண்டிருந்தது.

"நாலு தடவை கூப்பிட்டேன், உன் காதுல விழவே இல்ல. அடிப்பாவி, இத்தனை வருஷம் இதை எங்கடி ஒளிச்சு வச்சிருந்தே?"

நான் தேம்பித் தேம்பி அழுதேன். அக்கா பதறிப்போய்விட்டாள்.

"சட்டைதானடி, அவர்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

"சட்டைக்காக யாரு அழறாக்கா? இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருக்கக் கூடாதா? எதுக்குக் கிள்ளினே?"