நான் ஏறாத உச்சிக்கு ஒரு பிளெக்ஸ்

சேந்தமங்கலத்தில் பஸ் ஏறும்போதே கண்டக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி, திண்ணனூர் நாடு என்ற மலைக்கிராமத்தில் என் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இறங்கியபோதுதான் காரணம் தெரிந்தது. ஆளுயரத்துக்கு மேல் ஒரு பிளெக்ஸ். அதில் நான் பனிமலை உச்சியில் கொடி பிடித்து நின்றுகொண்டிருந்தேன். முகம் மட்டும் என்னுடையது, அதுவும் ஆதார் அட்டைக்கு எடுத்த மாதிரி விறைத்த முகம். உடம்பும் கொடியும் மலையும் பிளெக்ஸ் கடைக்காரரின் உபயம். ‘இமயம் வென்ற எங்கள் டீச்சரே வருக’ என்று கீழே போட்டிருந்தது.

நான் எதையும் வெல்லவில்லை. உச்சிக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கும்போதே திரும்பி வந்துவிட்டேன்.

பிளெக்ஸ் வைத்தது என் பக்கத்து வீட்டு அம்மா. பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு அவர்தான் தலைவி. மிளகும் மரவள்ளியும் போட்டிருக்கிறார். எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. டீயைக்கூட நடந்துகொண்டேதான் குடிப்பேன். சமவெளியிலிருந்து மாற்றலாகி இங்கே வந்த புதிதில், மலையேற்றப் பயிற்சி என்று ஞாயிறு தவறாமல் முதுகுப்பையில் மணலை நிரப்பிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் ஏறி இறங்குவேன். அதைப் பார்த்து அந்த அம்மாவுக்கு முதலில் சிரிப்பு, அப்புறம் எரிச்சல்.

“ஏனுங்க டீச்சர், மண்ண எதுக்கு வெட்டியாச் சொமக்கறீங்க? எங்க கெழங்கச் சொமந்தா ஆகாதுங்களா?” என்று ஒருநாள் கேட்டேவிட்டார்.

மணலைக் கொட்டினேன். ரோடு போகாத அவருடைய காட்டிலிருந்து வண்டி நிற்கும் இடம் வரைக்கும் இரண்டு வருடம் கிழங்கு சுமந்தேன். அவர் தலையில் ஒரு மூட்டை, என் முதுகில் ஒரு மூட்டை. அவருக்குச் சமமாக நடக்கவே ஒரு வருடம் பிடித்தது. அப்படி நடக்கிறவள் எந்த மலையையும் ஏறிவிடுவாள் என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். நான் போன் பண்ணிச் சொல்லும்வரை பொறுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

மலையில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஆறாயிரம் மீட்டருக்கு மேல் உயரமான மலை. ஒரே கயிற்றில் பிணைத்துக்கொண்டு ஏறினோம், நான்கு பேர். இரண்டு வழிகாட்டிகள், நான், சேலத்திலிருந்து வந்த ஒரு பெண். அவள் வங்கியில் வேலை பார்க்கிறாள். பயிற்சி முகாமில் சந்தித்த நாளிலிருந்து என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். விடிந்தபோது நாங்கள் குறுகலான ஒரு பனி முகட்டின்மேல் இருந்தோம். இருட்டில் தெரியாதது வெளிச்சத்தில் தெரிந்தது. இரண்டு பக்கமும் கீழே ஒன்றுமே இல்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. அதன்பிறகு அரை மணி நேரம், திரும்பிப் போக என்ன சாக்கு சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டேதான் அடி எடுத்து வைத்தேன். ஷூ கடிக்கிறது என்று சொன்னால் நம்புவார்களா என்றுகூட யோசித்தேன்.

எனக்கு முன்னால் போனவள் திடீரென்று உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். பேச்சு குழறியது. உயரம் ஒத்துக்கொள்ளவில்லை, உடனே கீழே இறக்கியாக வேண்டும். அவளைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை இதைவிட நாகரிகமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவளை இன்னொரு வழிகாட்டி பத்திரமாக இறக்கிவிடுவார், நீங்கள் என்னோடு மேலே வாருங்கள் என்று மூத்த வழிகாட்டி இந்தியில் சொல்ல ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள், நானும் அவளோடு இறங்குகிறேன் என்றேன்.

ஊர் திரும்பிய மறுநாள் பள்ளியில் கூட்டம். பெற்றோர்கள் காட்டு வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். என் கழுத்தில் மாலை வேறு. மைக்கைப் பிடித்து, “நான் உச்சிக்குப் போகலைங்க” என்றேன். முன்வரிசையில் இருந்த பக்கத்து வீட்டு அம்மா பிளெக்ஸைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகம் சுண்டிப்போனது. அந்த முகத்தை என்னால் தாங்க முடியவில்லை.

“கூட வந்த பொண்ணுக்கு உடம்பு முடியாமப் போச்சு. அவளை விட்டுட்டு மேலே போக மனசு வரலை” என்றேன்.

உச்சிக்கே போயிருந்தாலும் அப்படிக் கைதட்டியிருக்க மாட்டார்கள். அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “உச்சி கெடக்குதுங்க டீச்சர். ஒரு உசுரக் கொண்டாந்து சேத்துனீங்களே, அது போதாதுங்களா?” என்றார். சாயங்காலத்துக்குள் ‘இமயம் வென்ற’ என்பதன்மேல் ‘உயிர் காத்த’ என்று ஒரு வெள்ளைத் தாள் ஒட்டப்பட்டிருந்தது. பழைய வாசகம் அவர்கள் தெரியாமல் செய்த தப்பு. புதியது நானே சொன்ன பொய்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் கிழங்கு சுமக்கிறேன். எதிரே வருகிறவர்களிடம் எல்லாம் அந்த அம்மா கதையைச் சொல்கிறார். போன வாரக் கதையில் நான் அந்தப் பெண்ணை முதுகில் தூக்கிக்கொண்டே இறங்கிவிட்டேன். நான் திருத்தவில்லை, வேகமாக நடந்து தப்பிக்கப் பார்க்கிறேன். வகுப்பில் நிற்க முடியவில்லை, வீட்டில் இருக்க முடியவில்லை. என்மேலேயே எனக்குக் கடுப்பாக இருக்கிறது.

நேற்று சேலத்துப் பெண் போன் செய்தாள்.

“அக்கா, அடுத்த வருஷம் அதே மலைக்குப் பேர் குடுத்துட்டேன். உங்க பேரையும் சேர்த்துத்தான். என்னாலதானே உங்களுக்கு உச்சி போச்சு?”

நான் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தேன். அன்றைக்கு நான் பயந்துபோய்த் திரும்பினேன் என்று அவளிடம் சொல்ல அதைவிடப் பொருத்தமான நேரம் வராது. வாயைத் திறந்தேன்.

“எங்க வீட்டுல விடவே மாட்டேன்னாங்க. அக்கா கூட வர்றாங்கன்னு சொன்னதும் சரின்னுட்டாங்க” என்றாள்.

“வர்றேன்” என்றேன்.