திருஷ்டிக்கு ஏற்றிய முகமூடி

என் மருமகளின் தகப்பனார் தன் கையால் செதுக்கிய முகமூடியை, கட்டி முடியாத என் வீட்டின் முகப்பில் திருஷ்டி மூஞ்சியாக ஆணியடித்துத் தொங்கவிட்டேன். தெரியாமல் செய்துவிட்டதாகப் பிறகு சொன்னேன். அது பொய்.

மருமகள் குவாத்தமாலா நாட்டுக்காரி, மாயா இனத்தவள். அமெரிக்காவுக்குப் படிக்கப்போன என் மகன் அவளை அங்கேயே பதிவுத் திருமணம் செய்துகொண்டான். விருதுநகரில் பருப்பு வியாபாரம் செய்யும் எங்கள் சொந்தக்காரர்கள் என்ன கேட்பார்களோ என்பதுதான் என் கவலை. கல்லூரியில் வேதியியல் நடத்தியவன் நான். படிப்பு அந்தக் கவலையைக் குறைக்கவில்லை.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் அவர்கள் முதல்முறையாக வந்தார்கள். அன்று மாலை மகன் பரோட்டா வாங்கப் போயிருந்தபோது, அவள் ஒரு துணிப்பொதியைப் பிரித்து முகமூடியை என் கையில் கொடுத்தாள். வாசனையுள்ள, கனமில்லாத சிவந்த மரம். புள்ளிச் சிறுத்தையின் முகம். ஆங்கிலத்தில் நிதானமாக விளக்கினாள். மறைந்த சூரியன் சிறுத்தையாகப் பூமிக்கடியில் நடந்து மறுநாள் கிழக்கே வருகிறதாம். கறுப்புப் புள்ளிகள் இரவின் நட்சத்திரங்களாம். திருவிழாவில் இதை அணிந்து ஆடுகிறவர் பார்ப்பது பதித்திருக்கும் கண்ணாடிக் கண்கள் வழியாக அல்ல, அவற்றுக்குக் கீழே கீறிய சந்துகள் வழியாக. உட்புறத்தை அவள் தகப்பனார் தன் முகத்தின் மேடுபள்ளத்துக்கு ஏற்பக் குடைந்திருந்தார். நெற்றி படும் இடம் வியர்வையால் கறுத்திருந்தது. திருவிழாதோறும் அணிந்து ஆடியதைச் சம்பந்திக்கென்று கொடுத்தனுப்பியிருந்தார். எல்லாவற்றையும் கேட்டு நன்றியும் சொன்னேன்.

அவர்கள் கன்னியாகுமரிக்குப் போயிருந்தபோது, சூலக்கரைப் பக்கம் எழும்பிக்கொண்டிருந்த என் புது வீட்டுக்கு அதை எடுத்துப் போனேன். கொத்தனார் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னங்கய்யா, பூனை கணக்கா இருக்கு. இதப் பாத்து எலிதான் பயப்படும்."

"செவப்பு அடிச்சு, நாக்கு ஒண்ணு வரைஞ்சிரு. எல்லாப் பயலும் பயப்படுவான்."

கூட வந்திருந்த என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "அந்தப் பிள்ளை ஆசையாக் குடுத்ததப் போயி ஏன் அங்கன ஏத்துறீக? நாளைக்குக் கேட்டா என்ன சொல்லுவீக?"

"அம்புட்டு ஆசைன்னா நீயே கழுத்துல மாட்டிக்கிட்டுத் திரி."

மருமகள் பார்க்கவேண்டும் என்றுதான் ஏற்றினேன். அவள் எங்களுக்கு வேண்டாதவள் என்று வாயால் சொல்லத் துணிவில்லை.

மகன் அவளைக் கட்டடம் பார்க்க அழைத்து வந்தான். திருஷ்டிப் பூசணிக்காய்க்குப் பக்கத்தில், சிவப்புப் பூச்சும் நாக்குமாக, நெற்றியில் ஆணியோடு அது தொங்கியது. அவன் பதறிப்போய், எங்கள் ஊரில் காவலுக்கு இப்படிக் கட்டுவார்கள், அப்பாவுக்கு இதன் அருமை தெரியாது என்று அவளிடம் சொன்னான். நானும் தெரியாது என்றேன். அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். ஊருக்குக் கிளம்பும்வரை மரியாதையாகவே நடந்துகொண்டாள். கிரகப்பிரவேசத்துக்கு மகன் தனியாக வந்தான்.

அதற்குள் முகமூடியை இறக்கி, பெயிண்டைப் போக்கத் தின்னர் வைத்துத் துடைத்திருந்தேன். சிவப்போடு நட்சத்திரங்களும் கரைந்துபோயின. என் முகத்தில் வைத்துப் பார்த்தேன். மூக்குத்தண்டு இடித்தது. உள்ளே இருந்தது இன்னொருவரின் முகம்.

விசேஷம் முடிந்த மறுநாள் மகனிடம் சொன்னேன். "தெரிஞ்சேதான்டா மாட்டுனேன். அந்தப் பிள்ளை எல்லாத்தையும் எங்கிட்ட விளக்கிச் சொல்லியிருந்துச்சு."

"அவ அன்னைக்கே இதத்தான் சொன்னாப்பா. எங்கப்பா அப்படிச் செய்யமாட்டாருன்னு அவகூடச் சண்டை போட்டேன். இன்னும் சரியாப் பேசிக்கிடல."

நான் கெடுத்தது ஒரு மரத்துண்டை மட்டுமல்ல என்பது அப்போதுதான் தெரிந்தது. அன்றே அவளோடு தொலைபேசியில் பேசினேன். தெரிந்தே செய்தேன், பொய் சொன்னேன், மன்னித்துவிடு என்றேன். முழுதும் கேட்டாள், மன்னித்ததாகச் சொல்லவில்லை. முகமூடியைத் தன் தகப்பனாரிடம் சேர்க்கவேண்டும் என்று மட்டும் சொன்னாள். மகனிடம் கொடுத்தனுப்பினேன். சம்பந்தி அதே மரத்துச் சீவலால் ஆணித் துளையை அடைத்து, புதிதாக வண்ணம் தீட்டி, அந்த ஆண்டுத் திருவிழாவில் அணிந்து ஆடினார் என்று பின்னர் மகன் சொன்னான்.

சில வருடம் கழித்து இருவரும் வந்தார்கள். அவள் வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். என் மனைவி கொடுத்த காப்பியைக் குடித்தாள். என் உடல்நலம் விசாரித்தாள். இருட்டுவதற்குள் மதுரையில் அறை எடுத்திருந்த விடுதிக்குக் கிளம்பினாள். மகனும் இம்முறை எங்கள் வீட்டில் தங்கவில்லை. அவளோடேயே போனான்.