எல்லாப் பல்லும் 'இல்லை' என்றது

போன செவ்வாய்க்கிழமை, ஒரு பல்லுக்கு உயிர் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஆஸ்பத்திரியில் இருந்தேன். பல்லுக்கு உயிரா என்று சிரிக்கிறீர்களா? நானும் சிரித்தவள்தான்... அது என் மகளின் பல் என்று ஆகும் வரைக்கும்.

தனுவுக்கு எட்டு வயது. மூன்று கிழமைக்கு முன் பள்ளிக்கூடத்துத் தண்ணீர்க் குழாயடியில் வழுக்கி, சீமெந்துக் கட்டில் வாய் அடிபட்டது. முன்பல் உடையவில்லை, ஆடவும் இல்லை. அப்பாடா என்றிருந்தோம். இப்போது பார்த்தால் அந்தப் பல் மட்டும் லேசாகக் கறுத்திருக்கிறது. விழுந்தால் இனி முளைக்காத பல்.

நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் லீவு எடுத்து, களுவாஞ்சிக்குடியில் பஸ் ஏறி மட்டக்களப்புக்குக் கொண்டுபோனேன். பல் டொக்டர் இளம் பெண், பொறுமைசாலி. பல்லுக்குள்ளே நரம்பும் இரத்தமும் ஓடுகிற சதை இருக்கிறதாம். அது செத்திருந்தால் சீழ் கட்டும். பல்லைத் துளைத்து வேருக்குள் மருந்து போட வேண்டும். வேர் முற்றாத பல்லில் அது லேசான வேலை இல்லை. உயிர் இருந்தாலோ, கையே வைக்கக் கூடாது. எதுவென்று அறியப் பல்லில் குளிர் வைத்துப் பார்ப்பார்கள். கூசினால் உயிர் இருக்கிறது.

பஞ்சில் குளிர் மருந்தை அடித்து வைத்தார். கூசுதா மகள் என்று கேட்டார்.

"இல்ல."

அடுத்தது, துளியளவு கரண்ட் கொடுக்கிற கருவி. சுள்ளென்றால் கையைத் தூக்கச் சொன்னார். கை மடியிலேயே கிடந்தது. சரி, செத்துவிட்டது என்றே முடிவு கட்டினேன்.

டொக்டர் விடவில்லை. பக்கத்து நல்ல பல்லில் குளிரை வைத்தார். இல்ல. கீழ்ப் பல்லில் வைத்தார். இல்ல. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், இவ சொல்றதைப் பார்த்தா வாயில ஒரு பல்லுக்கும் உயிரில்ல. கண்ணில தண்ணி நிக்குது, வாய் இல்ல எண்டு சொல்லுது. ஆர் பழக்கின?"

யார் பழக்கியது? நான்தான்.

சண்டைக் காலத்தில் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து இறக்குவார்கள். பெரியவர்களை விட்டுவிட்டுப் பிள்ளைகளைக் கேட்பார்கள் — பிள்ளைகளுக்குப் பொய் வராதே! வீட்டுக்கு யார் வந்தது, யார் சோறு தின்றது... ஒரு பிள்ளையின் பதிலால் ஒரு வீட்டில் ஆள் இல்லாமல் போன காலம். அதனால் தினமும் தலை வாரும்போது தனுவுக்கு ஒத்திகை. நான் கேட்பேன், அவள் 'இல்ல' என்பாள். சீப்பு சிக்கில் மாட்டி இழுபடும்போது "நோகுதா?" என்பேன். அதற்கும் இல்ல. கெட்டிக்காரி, ஒரு நாளும் பிழை விட்டதில்லை.

சண்டை முடிந்துவிட்டது என்று அவளுக்குச் சொன்னேன். இனி உள்ளதைச் சொல்லலாம் என்று சொல்லவில்லை. மறந்துபோனேனா... பயமா?

பிள்ளையைக் கேட்டுப் பயனில்லை, பல்லையே கேட்போம் என்றார் டொக்டர். ஒப்பரேஷன் நேரத்தில் விரலில் மாட்டி, நாடியையும் இரத்தத்தில் உள்ள ஒட்சிசனையும் பார்க்கிற மெஷின் ஒன்றைக் கொண்டுவந்தார். பச்சைக் குழந்தையின் காலில் மாட்டுகிற சின்ன முனை அதில் இருந்தது. அதைப் பல்லில் பொருத்த அவரே ஒரு பிடி செய்து வைத்திருந்தார். ஒரு பக்கம் சிவப்பு வெளிச்சம், மறுபக்கம் அதை வாங்குகிற கண். உள்ளே இரத்தம் ஓடினால் எண் வரும்.

விரலில் எண் வந்தது. நல்ல பல்லில் கொஞ்சம் குறைவாக வந்தது, பல்லென்றால் அப்படித்தானாம். அடிபட்ட பல்லில் வைத்தார். கோடு. வெறும் கோடு.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று கல்குடாவில், மூன்று வயதுத் தனுவைச் செடிப் பற்றைக்குள்ளிருந்து தூக்கி நெஞ்சில் காதை வைத்தேன். அவளுடைய நெஞ்சு கேட்கவில்லை, என்னுடையதுதான் காதுக்குள் அடித்தது. அதே பயம் அப்படியே திரும்பி வந்தது. ஒரு பல்லுக்கா இவ்வளவும் என்பீர்கள். ஓம், ஒரு பல்லுக்குத்தான்.

டொக்டர் மேலே எரிந்த லைட்டை அணைத்தார். வெளிச்சம் கூடினாலும் மெஷின் குழம்புமாம். அசையாமல் இருக்கச் சொன்னார். அசையாமல் இருப்பதில் என் மகளை யார் வெல்வது?

கோடு... கோடு... எண்பத்திரண்டு! கொஞ்சம் ஏறி, அப்படியே நின்றது.

"உயிர் இருக்கு டீச்சர். இப்ப ஒண்டும் செய்யத் தேவையில்ல. ஒரு மாசத்தில திரும்பக் கொண்டு வாங்க."

திரும்பும்போது பஸ்ஸில் அவளை மடியில் வைத்துச் சொன்னேன்: "இனி ஆர் கேட்டாலும் உள்ளதைச் சொல்லு மகள்." தலையாட்டினாள்.

பாலத்தடியில் பஸ்ஸை நிறுத்தி இறக்கினார்கள். சண்டை முடிந்தும் சாவடி முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு நின்றவளைப் பார்த்து, இளம் சிப்பாய் ஒருவன் குனிந்தான். சிரித்த முகம். தெரிந்த கொஞ்சத் தமிழில் கேட்டான்.

"பல்லு... நோகுதா?"

தனு என்னைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

அதற்குள் நான் சொல்லிவிட்டேன் — "இல்ல."